தொக்கணம்: உருவும் கையின் வரலாறு

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வாணியன் என்பான் செக்காட்டி எண்ணெய் விற்போன். மருந்துக்குச் செலவிடும் பொருளை எண்ணெய்க்குச் செலவிட்டு அதனை உடம்பிலே தேய்த்து வந்தால் பிணி அணுகாது என்று பெரியோர் இதற்குப் பொருள் கூறுவர். எண்ணெய் வாங்கிவிட்டால் மட்டும் போதுமோ? தேய்க்கும் கை ஒன்று வேண்டுமன்றோ? கல்வெட்டிலே அரசர் பெயர் உண்டு. செப்பேட்டிலே ஊரின் பெயர் உண்டு. உழைத்துச் சோர்ந்த தோளைப் பிடித்துவிட்ட கைக்கு மட்டும் எங்கும் பெயரில்லை. ஆகவே, அக்கையின் தொழில் நம் நாட்டில் எந்நிலையில் இருந்தது, மேனாடு சென்று எவ்வாறு மதிப்புப் பெற்றது, இன்று நமக்கு எம்மட்டில் பயன்படத்தக்கது என்னும் மூன்றையும் நம் சங்கத்தாரும் அவர்தம் குடும்பத்தாரும் அறியுமாறு இக்கட்டுரையில் ஒருவாறு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

பழவேற்காட்டு ஏரி, சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் கரையிலும், ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டிலும், கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம் முதலிய நம்மவர் ஊர்கள் அமைந்துள்ளன. இவ்வூர்களிலே ஒருவனுக்குச் செல்வம் யாது என்று கேட்பின், படகும் வலையும் என்று சொல்வோர் பலர். நாம் அவ்வாறு சொல்லோம். படகு உடைந்தால் கடன் வாங்கிப் புதிது செய்யலாம். வலை கிழிந்தால் பின்னலாம். தோளும் இடுப்பும் பழுதுபட்டால் அவற்றைக் கடையில் வாங்க இயலாது. ஏரியிலே கழி ஊன்றித் தள்ளுவோனுக்குத் தோட்பட்டை தேய்கின்றது. நனைந்த வலையைக் குனிந்து இழுப்போனுக்கு நடு முதுகு பிடித்துக்கொள்கின்றது. சும்மாட்டின் மேல் மீன்கூடை சுமந்து நடக்கும் நம் தாய்மாருக்குக் கழுத்தும் முழங்காலும் நோகின்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கட்டுமரங்கள் அருகிக் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. துடுப்புப் போடும் உழைப்புக் குறைந்தது. ஆயினும் இயந்திரத்தின் அதிர்ச்சியும், அலைமேல் படகு எழும்பி விழுங்கால் தண்டெலும்பு வாங்கும் அடியும் அதற்கு ஈடாக வந்து சேர்ந்தன. நோவின் இடம் மாறியதேயன்றி நோவு நீங்கிற்றில்லை.

இந்நோவுக்கு நம் முன்னோர் கண்ட முதல் மருந்து கையே. இதற்கு நம் மொழியில் உள்ள சொற்களை எண்ணிப் பாருங்கள். உருவுதல், நீவுதல், பிடித்துவிடுதல், அமுக்குதல், மிதித்தல், தட்டுதல், சுளுக்கு எடுத்தல் என ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வொரு பெயர் உண்டு. ஒரு தொழிலுக்குச் சொற்கள் மிகுந்திருத்தல், அத்தொழில் மக்களிடையே நெடுங்காலம் வேரூன்றி இருந்தமைக்குச் சான்றாகும். பிறந்த குழவியைக் காலின்மேற் கிடத்தி எண்ணெய் தடவி நீவுவதும், பிள்ளை பெற்றவளின் இடுப்பை வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதும், கடலினின்று வந்த கணவன் காலைப் பிடித்துவிடுவதும் நம் இல்லங்களிலே பெண்மக்கள் ஆற்றிவந்த பணிகள். வீட்டுக் கைக்கு அடங்காத நோவுக்கு, ஊரின் மருத்துவர் குலத்தாரை அழைத்தனர். முடி திருத்துவோர் என்று மட்டும் இன்று பலர் நினைக்கும் அக்குலத்தாரே தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கட்டி கீறுவோராகவும், எலும்பு கட்டுவோராகவும், சுளுக்கு எடுப்போராகவும் இருந்தனர். அவர்தம் பெண்டிர் மருத்துவச்சியராய் நம் தாய்மாருக்குப் பேறு பார்த்தனர். அவர்கள் கையை நாம் நாடினோம். அவர்களைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தினோம். நம்மைத் தாழ்ந்தோர் என்று பிறர் கூறியபோது நெஞ்சு கொதித்த நாம், நம் உடம்பைத் தொட்டு நோய் தீர்த்தவரை அவ்வாறே நடத்தினோம் என்பதை மறைத்து வரலாறு எழுதுதல் நேர்மையன்று.

இத்தொழில் நூலுக்கு எட்டாத நாட்டுப்புற வழக்கம் என்று எவரேனும் கருதினால் அது பிழை. சித்த மருத்துவத்திலே அகமருந்து 32 வகை, புறமருந்து 32 வகை எனப் பகுத்துள்ளனர். ஒற்றடம், வேது, பற்று, கட்டு முதலிய புறமருந்துகளின் வரிசையில் தொக்கணமும் ஒன்று. தொக்கணமாவது, எண்ணெய் இட்டோ இடாமலோ கையினால் உடம்பைப் பதப்படுத்துதல். அது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். இவற்றுள் முதல் ஆறும் தசையைப் பற்றியன என்றும், பின் மூன்றும் மூட்டை இயக்குவன என்றும் நாம் பொதுவாகப் பிரித்துக் காணலாம். கையைத் தூக்க இயலாதபடி தோள்மூட்டு இறுகும் நோயைச் சித்தர் நூல்கள் கும்பவாதம் என்று கூறும். அதற்குத் தொக்கணத்தை ஒரு முறையாகச் சித்த மருத்துவர் இன்றும் கையாளுகின்றனர். இதனோடு நெருங்கிய வர்மக்கலை, தென்குமரிப் பகுதியில் ஆசான்மாரிடம் வழிவழியாக வளர்ந்தது. உடம்பில் 108 வர்மங்கள் உள்ளன என்பது அவர்தம் கணக்கு. சிலம்பமும் மற்போரும் பயின்ற இடங்களில், அடிக்கக் கற்பித்தவரே அடிபட்டதைத் தீர்க்கவும் கற்பித்தார் என்பது கருதத்தக்கது.

விளையாட்டு வீரனுக்கும் உருவுதலுக்கும் உள்ள தொடர்பு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. பண்டைக் கிரேக்கரின் பயிற்சிக் கூடங்களிலே இளைஞரைப் பழக்கிய ஆசானுக்கு வழங்கிய பெயர், 'சிறுவரைத் தேய்ப்பவன்' என்னும் பொருள் தருவது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பெர்கமம் நகரில் வாட்போர் வீரருக்கு மருத்துவராய் இருந்த காலன் என்பார், பயிற்சிக்கு முன் தேய்ப்பது வேறு, பயிற்சிக்குப் பின் தேய்ப்பது வேறு என்று வகுத்து எழுதினார். முன்னது உடம்பைச் செயலுக்கு ஆயத்தமாக்குவது. பின்னது களைப்பை ஆற்றுவது. இன்றைய விளையாட்டு மருத்துவமும் இப்பகுப்பை விடவில்லை.

இனி, இந்தியக் கை மேனாட்டை அடைந்த வரலாற்றைக் கேளுங்கள். 1759-ஆம் ஆண்டில் பாட்னாவிற் பிறந்த சேக் தீன் முகம்மது என்பார், கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் இருந்து, 1784-ஆம் ஆண்டில் அயர்லாந்து சேர்ந்தார். 1794-இல் தம் பயணங்களை ஆங்கிலத்தில் நூலாக்கினார்; ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதல் இந்தியர் அவரே. 1810-இல் இலண்டனில் உணவுச்சாலை ஒன்று வைத்துப் பொருள் இழந்தார். அதன்பின் பிரைட்டன் என்னும் கடற்கரை ஊருக்குச் சென்று, மூலிகை ஆவியில் உடம்பை வியர்க்கச் செய்து கையால் பிசைந்துவிடும் நீராட்டு நிலையம் ஒன்றை நிறுவினார். பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லைக் கொண்டு அதனை 'ஷாம்பு' என்று வழங்கினர். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்னும் இரு மன்னருக்கும் அவர் அத்தொழிலில் அமர்த்தப்பட்டார். நோய் தீர்ந்தோர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் அவர் நிலையத்துச் சுவரிலே தொங்கின. 1822-இல் தம் முறையைப் பற்றித் தனி நூலும் எழுதி, 1851-இல் பிரைட்டனிலேயே காலமானார். இன்று தலைமுடிக்குத் தேய்க்கும் சவர்க்காரத்துக்கு அச்சொல் பெயராகிவிட்டது. நம் பிள்ளைகள் கடையிலே ஒரு ரூபாய்ப் பொட்டலத்தில் வாங்குவது ஷாம்பு; அச்சொல்லின் உள்ளே இந்தியக் கையொன்று மறைந்து கிடப்பதை அவர்கள் அறியார்.

முகம்மது பிழைப்பைத் தேடி அலைந்த அதே காலத்தில், சுவீடன் தேசத்திலே லிங் என்பார் (1776–1839) 1813-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். நோயுற்ற உறுப்பை முறையாக அசைத்தலே அதற்கு மருந்தாகும் என்பது அவர் கொள்கை. அவருக்குப்பின் ஒல்லாந்து தேசத்து மெட்ஸ்கர் என்பார் (1838–1909) கால் சுளுக்கைத் தேய்த்துக் குணப்படுத்துதலைப் பற்றி 1868-இல் ஆராய்ச்சியுரை எழுதிப் பட்டம் பெற்றார். தடவல், பிசைதல், உரசித் தேய்த்தல், தட்டல் என்று மேனாட்டார் இன்று கையாளும் பிரிவுகள் அவர் வழியினரால் நிலைபெற்றன. அவற்றை நம் ஒன்பது தொக்கணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போர் பல இடங்களில் ஒற்றுமை காண்பர். ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியாக் கோட்டை எழுப்பி, 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை அங்கிருந்தே சோழமண்டலக் கரை வாணிகத்தை நடத்தினர் என்பதும், 1825-இல் அவ்வூரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர் என்பதும் நம்மவர் அறிந்தனவே. அவர்கள் நம் கரையினின்று துணியைக் கொண்டுசென்றனர்; தொக்கணத்தையும் கொண்டுசென்றனர் என்று வீண்பெருமை பேச நாம் துணியோம். மக்கள் உடம்பு எங்கும் ஒன்று, நோவும் ஒன்று, ஆகவே மருந்தும் ஒன்றுபட்டது என்று கொள்வதே சாலும்.

நாம் கற்கவேண்டிய பாடம் அடுத்து நிகழ்ந்ததில் உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் நகரிலே உடம்பு பிடித்துவிடும் நிலையங்கள் பல முளைத்தன. அவற்றுட் சில ஒழுக்கக்கேட்டுக்கு உறைவிடமாயின. 1894-இல் மருத்துவ இதழ் ஒன்று இதனை வெளிப்படுத்தவே, அத்தொழிலுக்கே இழிபெயர் உண்டாயிற்று. அப்பொழுது செவிலியர் தொழிலிலும் பேறு பார்க்கும் தொழிலிலும் பயின்ற நான்கு பெண்மணிகள் செய்தது யாது? பழி வந்ததென்று தொழிலைக் கைவிட்டார்களா? இல்லை. அவ்வாண்டிலேயே ஒரு சங்கம் கூட்டினர். உடற்கூறு கற்றுத் தேர்வு எழுதினோர்க்கே சான்றிதழ் என்றும், மருத்துவர் சொன்னாலன்றி நோயாளியைத் தொடலாகாது என்றும் விதிகள் வகுத்தனர். 1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது, காயமுற்ற படைவீரரின் முடங்கிய கைகால்களை இத்தகைய பெண்கள் மீட்டனர். 1920-இல் அச்சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. 1944-இல் அது இயன்முறை மருத்துவச் சங்கம் என்று பெயர் மாறிற்று. இழிந்ததெனப்பட்ட தொழில் ஐம்பது ஆண்டுகளில் மதிக்கத்தக்க மருத்துவமாயிற்று. அந்நால்வர் புதிய கைகளைப் படைக்கவில்லை. இருந்த கைக்குக் கல்வியும் கட்டுப்பாடும் சேர்த்தனர். சங்கம் என்பதன் பயனுக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டில் இயன்முறை மருத்துவக் கல்வி, இளம்பிள்ளைவாதத்தால் முடங்கியோருக்கு உதவும்பொருட்டு 1950-களின் தொடக்கத்தில் பம்பாயில் வேரூன்றியது. தமிழ்நாட்டிலோ வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து, மேரி வர்கீஸ் அம்மையார் பெயரால் மறுவாழ்வு நிலையம் 1966-இல் திறக்கப்பெற்றது. விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் அவ்வம்மையார். சித்த மருத்துவத்தின் பக்கம், சென்னை தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பெற்று, தொக்கணமும் வர்மமும் அங்குக் கல்வியாகவும் சிகிச்சையாகவும் இடம்பெற்றன. 2021-இல் இயன்முறை மருத்துவர் உள்ளிட்டோரின் தொழிலை ஒழுங்குபடுத்த மத்திய அரசு சட்டம் இயற்றிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையிற் கிடப்போரின் வீட்டுக்கே சென்று இயன்முறை சிகிச்சை அளித்தலும் சேர்க்கப்பட்டது.

இதுகாறும் கையின் பெருமையைக் கூறினோம். இனி அதன் எல்லையைக் கூறாது விடின் இக்கட்டுரை தீங்கு செய்வதாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கரையூர் ஒன்றிலே நாம் நேரிற் கண்டதைச் சொல்கின்றோம். விடியற்காலையில் கடலினின்று கரைசேர்ந்த பெரியவர் ஒருவர், இடத்தோளும் மார்பும் இறுக்குகின்றன என்று மணலில் அமர்ந்தார். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. வலை இழுத்த நோவு என்றனர் சிலர். வாயுப் பிடிப்பு என்றனர் பலர். கைராசிக்குப் பெயர் பெற்ற மூதாட்டி ஒருவர் எண்ணெயைக் காய்ச்சிக் கொணர்ந்து நெடுநேரம் உருவினார். ஒருவர் சோடா வாங்கிவந்தார். அருகே நின்ற நாமும், "நன்றாக நீவுங்கள், ஆயா" என்று சொன்னோமேயன்றி வண்டி அழைப்போம் என்று சொன்னோமில்லை. பொன்னேரிக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. அது மாரடைப்பு என்று மருத்துவர் சொல்லிப் பின்னர் அறிந்தோம். அம்மூதாட்டி அதன்பின் பல நாள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவில்லை. குற்றம் அவர் கையினது அன்று. சூழ நின்று நேரத்தைக் கழித்த நம்முடையது.

ஆகவே இவற்றை ஒவ்வொரு வீட்டாரும் உளத்திற் கொள்க. மார்பு இறுகி, வியர்த்து, நோவு தோளுக்கோ தாடைக்கோ பரவினால் உருவலாகாது. உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனை சேர்க்க வேண்டும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடேறி நொந்தால் அதனைப் பிசையலாகாது. உள்ளே உறைந்த இரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். எலும்பு முறிந்தது என்ற ஐயம் உள்ள இடத்தையும், அன்று அடிபட்டு வீங்கிய இடத்தையும் அழுத்தித் தேய்த்தல் தகாது. முதுகுநோவோடு சிறுநீர் கட்டினாலும், தானே கழிந்தாலும், தொடையிடை மரத்துப்போனாலும், கால் வலுவிழந்தாலும் அது கைக்குரிய நோயன்று. காய்ச்சல் உள்ளபோதும், புண்ணின் மேலும், இன்னதென்று தெரியாத கட்டியின் மேலும் கை வைக்கலாகாது. நீரிழிவால் கால் மரத்தவருக்குச் சூடான எண்ணெய் ஆகாது; சுடுவதை அவர் அறியமாட்டார்.

இவை நீங்கலாக, நாள்பட்ட தசைநோவுக்குக் கை நன்மையே செய்யும். நாள்பட்ட இடுப்புநோவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியில், உடற்பயிற்சி, அறிவுரை முதலியவற்றோடு உருவுதலும் ஏற்கத்தக்க முறைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. உருவிவிட்டுப் படுத்துக்கொள்வது பயன் தராது. நோவு தணிந்த அந்த நேரத்தில் மூட்டை இயக்கிப் பழக்குதல் வேண்டும். இறுகிய தோளை உடையவன் சுவரிலே விரல்களை ஏணிப்படி போல் நாள்தோறும் சற்றுச் சற்றாக ஏற்றிவந்தால், எண்ணெயினால் மட்டும் கிடைக்காத பயனைப் பெறுவான். லிங் சொன்னதும் நம் அசைத்தல் தொக்கணம் சொன்னதும் இதுவே.

மாலையிலே மணலில் சடுகுடு ஆடும் நம் இளைஞருக்கும் ஒன்று சொல்வோம். ஆட்டத்தினால் தசையில் நஞ்சு சேர்கின்றது என்றும் அதனை உருவுதல் பிழிந்தெடுக்கும் என்றும் சிலர் கூறுவர். அது சரியன்று. உழைப்பின்போது தசையில் மிகும் லாக்டிக் அமிலத்தை உடம்பே ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறையத் தீர்த்துவிடும். 29 ஆய்வுகளை ஒருங்கே நோக்கி 2020-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, விளையாட்டு வீரரை உருவுவதனால் வேகமோ வலிமையோ கூடுவதாகத் தெரியவில்லை என்றும், மறுநாள் நோவு சிறிது குறையும், உடம்பு சிறிது வளையும் என்றும் கண்டது. சிறிதெனினும் அது பொருளுடையதே. மறுநாள் விடியலில் கடலுக்குப் போகவேண்டியவனுக்குச் சிறிது நோவு குறைதலும் பெரிது.

நம் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள் விடுத்து இதனை முடிக்கின்றோம். முதலாவது, நம் ஊர்களில் உருவுந்தொழில் அறிந்த முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். அவர் எக்குலத்தாராயினும் அவரைத் திண்ணையின் மேல் அமர்த்தி, அவர் அறிந்ததைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். உழைப்புக்கேற்ற கூலியும் கொடுத்தல் வேண்டும். இரண்டாவது, மேலே கூறிய அபாயக் குறிகளை அம்முதியோருக்கும் நம் பெண்மக்களுக்கும் இயன்முறை மருத்துவர் ஒருவரைக் கொண்டு ஆண்டுதோறும் எடுத்துச் சொல்லச் செய்தல் வேண்டும். மூன்றாவது, நம் பிள்ளைகளுள், சிறப்பாகப் பெண்பிள்ளைகளுள், இயன்முறை மருத்துவமும் சித்த மருத்துவமும் கற்க விழைவோருக்குச் சங்கம் பொருளுதவி செய்தல் வேண்டும். கடலோரத்து உடம்பின் நோவைக் கடலோரத்திற் பிறந்த கை எளிதில் அறியும். ஆயாவின் கைப்பழக்கமும் கல்லூரியின் கல்வியும் ஒரு பெண்ணிடத்தே கூடுமாயின், அந்த விடியற்காலையிலே நாம் இழந்ததைப் போல் இன்னொருவரை இழவோம்.